உகரச் சுட்டும் ‘நான்’ என்னும் சொல்லும்
மொழித் தோற்றச் சிந்தனையும் தீவகத் தமிழும்

பாரிஸ் மொழியியற் கழகம் 1866 ஆம் ஆண்டில் தன் அமைப்பு விதிகளை வகுத்தபோது, அவற்றின் இரண்டாம் விதியிலே, மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரை எதனையும் கழகம் ஏற்றுக்கொள்ளாது என்று தீர்மானித்தது. உலகப் பொதுமொழி ஒன்றை ஆக்கும் திட்டங்களையும் அதே விதி விலக்கியது. ஊகங்களே மலிந்து, சான்று அருகியிருந்த ஒரு துறையிலிருந்து அறிஞரைக் காப்பதே அதன் நோக்கம். ஆயினும், வாயிலிலே தடுக்கப்பட்ட அவ்வினா சாளரத்தின் வழியாக உள்ளே வந்துவிட்டது. முதற்சொல் எது, அதனைச் சொன்னவன் யாவன் என்று கேட்பதை விடுத்து, பேசுகின்ற ஒருவன் தன்னை ‘நான்’ என்று உணர்வதற்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் முறை இருபதாம் நூற்றாண்டிலே வலுப்பெற்றது. இவ்விரண்டாம் வினாவுக்குத் தமிழிலே, அதிலும் எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலாய தீவகப் பகுதியின் வழக்கிலே, பிற நாட்டறிஞர் அறியாத சில சான்றுகள் கிடக்கின்றன. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் இவ்வினா சூடுபிடித்திருந்தது. கோண்டியாக் 1746 இல் வெளியிட்ட நூலில், இயல்பான கூக்குரலும் மெய்ப்பாடும் படிப்படியாகக் குறியீடுகளாயின என்றார். சூஸ்மில்க் என்பார் மொழி இறைவன் தந்ததேயன்றி மனிதன் ஆக்கியதன்று என வாதித்து 1766 இல் நூல் வெளியிட்டார். பேர்ளின் கழகம் இப்பொருள் பற்றி அறிவித்த போட்டியிலே பரிசு பெற்று, 1772 இல் அச்சேறிய ஹேடரின் கட்டுரை இவற்றுள் மிக்க புகழ் பெற்றது. ஹேடர் காட்டும் மனிதன் ஓர் ஆட்டைப் பார்க்கின்றான், அது கத்துகின்றது, கத்துதலை அதன் அடையாளமாக மனத்தே பதித்துக்கொள்கின்றான், அப்பதிவே அவனுக்குச் சொல்லாகின்றது. அவன் வாய் திறக்க வேண்டியதில்லை. கேட்பார் ஒருவரும் வேண்டியதில்லை. இங்கேதான் ஹேடருடன் நாம் மாறுபட வேண்டியுள்ளது. தனித்து நிற்கும் ஒருவன் பொருள்களுக்குப் பெயரிடலாம். ‘நீ’ என்னும் சொல் அவனுக்கு எவ்வாறு வரும்? ‘நீ’ இல்லாதவிடத்து ‘நான்’ என்பதற்குத்தான் என்ன வேலை?

றூசோ இதனை ஓரளவு உணர்ந்திருந்தார். அவர் இறந்த பின்னர் 1781 இல் வெளிவந்த நூலிலே, வெப்பநாடுகளிலே நீர் அருமையாதலின், கிணற்றடியிலேயே வெவ்வேறு குடும்பத்து இளைஞரும் பெண்களும் முதன்முதற் சந்தித்தனர் என்றும், அச்சந்திப்பிலே தேவையன்று, உணர்ச்சியே மொழியைப் பிறப்பித்தது என்றும் எழுதினார். நன்னீர் அருமையான தீவகத்திலே பிறந்தவர்க்கு இக்கருத்துப் புதுமையாகத் தோன்றாது. நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றியே அங்குப் பேச்சும் உறவும் பகையும் வளர்ந்தன. ஆனால் றூசோவின் கிணற்றடியிலே எல்லாரும் ஒப்ப நிற்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிணற்றடி அத்தகையதாக இருந்ததில்லை. யார் அள்ளலாம், யார் அள்ளி வார்க்கும்வரை விலகி நிற்கவேண்டும் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. மொழி பிறந்த இடமாக ஒருவர் கற்பனை செய்த இடமே, வேறொருவர்க்கு வாய் திறக்கக் கூடாத இடமாயிற்று. இதனைப் பின்னர் நோக்குவோம்.

ஹம்போல்ற் 1829 இல் பேர்ளினில் நிகழ்த்திய ஓர் உரையிலே, சில மொழிகளில் இடப்பெயர்களுக்கும் இடங்குறிக்கும் வினையடைகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டினார். ‘நான்’ என்பது ‘இங்கே’ என்பதனோடும், ‘நீ’ என்பது ‘அவ்விடத்தே’ என்பதனோடும் பிணைந்தன என்பது அவர் கண்ட உண்மை. 1934 இல் கார்ல் பூலர் இதனை மேலும் வளர்த்து, நான்–இங்கே–இப்போது என்னும் மூன்றும் சேர்ந்த ஒரு புள்ளியே சுட்டுகள் யாவற்றிற்கும் தொடக்கம் என்றார். இவ்விருவரும் நெடிது ஆராய்ந்து கண்ட கருத்தைத் தமிழிலக்கணம் தன் கலைச்சொல்லிலேயே அடக்கி வைத்திருந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றையும் நம் இலக்கண நூலார் ‘இடம்’ என்றே வழங்கினர். பேசுவோன் ஓர் ஆள் என்பதற்கு முன்னர் அவன் ஓர் இடம். முன்னிலை என்பது முன்னே நிற்பது. படர்க்கை என்பது அப்பாற் படர்வது. தன்மை ஒன்றற்கே இடப்பொருள் வெளிப்படையாக இல்லை. அது ‘தான்’ என்பதன் வழிவந்தது. ஏனைய இரண்டும் தன்மையை நடுவாக வைத்தே அளக்கப்படுதலின், நடுவுக்கு இடம் கூற வேண்டாவாயிற்றுப் போலும்.

தொல்காப்பியர் இவ்விட வேறுபாட்டை வினைச்சொற்களிலும் கண்டார். வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்பது அவர் கிளவியாக்கத்தில் வகுத்த விதி. ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் குடு’ என்று யாழ்ப்பாணத்துச் சிறுபிள்ளை இன்றும் பிறழாது பேசுகின்றது. மொழித்தோற்றம் பற்றியோவெனில், அவர் காட்டும் அடக்கம் வியப்புக்குரியது. எல்லாச் சொற்களும் பொருளுடையன என்று கூறிய அவரே, ஒரு சொல் ஒரு பொருளைக் குறித்ததற்கான காரணம் பார்த்த மாத்திரத்தே புலப்படாது என்றும் உரியியலிலே கூறிவைத்தார். பிறப்பியலின் இறுதியிலே, உள்ளே எழுந்து உலவும் வளியின் ஒலியை அளந்து கூறுதல் அந்தணர் மறையின் பாற்பட்டது. தாம் சொல்வது புறத்தே வெளிப்பட்டு இசைக்கும் ஒலியையே என்று எல்லை வகுத்துக்கொண்டார். பாரிஸ் கழகத்தின் விதி தடையாக அமைந்தது. தொல்காப்பியர் செய்தது தம் நூலின் எல்லையை அறிந்து நின்றமை. இரண்டும் ஒன்றல்ல.

இனி, சுட்டினை நோக்குவோம். அகரம், இகரம், உகரம் ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் எனத் தொல்காப்பியமும் அதன்பின் நன்னூலும் கூறுகின்றன. சங்கச் செய்யுள்களிலே ‘உதுக்காண்’ என்னும் வடிவமும், திருக்குறளிலே ‘உவக்காண்’ என்னும் வடிவமும் வருகின்றன. தமிழகத்துப் பேச்சு வழக்கிலே உகரம் மறைந்து நெடுங்காலமாயிற்று. அங்குப் பயிலும் மாணவர்க்கு ‘உவன்’, ‘உது’ என்பன உரையாசிரியர் காட்டும் பழம்பொருள்கள். யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலுமோ அவை அடுக்களைச் சொற்கள். ‘உதென்ன கதை?’, ‘உந்தக் கதிரையிலை இரும்’, ‘உவன் என்ன சொல்லுறான்?’, ‘உங்கை மழையே?’ என்பன நாள்தோறும் கேட்கப்படுவன.

உரையாசிரியர் பலர் உகரத்தைச் சேய்மைக்கும் அண்மைக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சுட்டுவது என்பர். அளவுகோலால் அளக்குந் தூரமாக இதனைக் கொண்டால் யாழ்ப்பாண வழக்கு விளங்காது. எழுவைதீவிலே நிற்பவர் ஒருவர் ஊர்காவற்றுறையில் இருக்கும் உறவினரோடு தொலைபேசியிற் பேசும்போது, ஊர்காவற்றுறையை ‘உங்கை’ என்பர். அதே ஊர்காவற்றுறையைத் தம் பக்கத்தில் நிற்பவர்க்குக் குறிப்பிடும்போது ‘அங்கை’ என்பர். தூரம் மாறவில்லை, கேட்பவர் மாறினார். ஆகவே உகரம் பெரும்பான்மையும் கேட்போனிடத்தைச் சுட்டுவது; முன்னிலைக்குரிய சுட்டு. கேட்போனது கூற்றைக் குறித்தலும் இதனாலேயே அமைகின்றது. ‘உதென்ன கதை?’ என்பதிலுள்ள ‘உது’ நீ சொன்ன அது. நடுத்தூரப் பொருளும் சிலவிடங்களில் உண்டெனினும், அதனை முதன்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இத்தகைய சுட்டுப் பிற மொழிகளிலும் உண்டு. இலத்தீனிலே ‘இஸ்தே’ என்பது கேட்போன் பக்கத்தது. போர்த்துக்கேயத்தில் ‘எஸ்தெ’, ‘எஸ்ஸெ’, ‘அக்கேலெ’ என்னும் மூன்றும் ஏறத்தாழ நம் ‘இது’, ‘உது’, ‘அது’ என்பவற்றை ஒத்தன. ஊர்காவற்றுறையைக் ‘கயிஸ்’, அதாவது துறை, என்று பெயரிட்டு யானைகளை ஏற்றிச் சென்ற போர்த்துக்கேயருக்கு யாழ்ப்பாணத்தாரின் ‘உது’ எளிதில் விளங்கியிருக்கும். பின்வந்த ஒல்லாந்தர் மொழியில் அத்தகைய மூன்றாவது சுட்டு இல்லை. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை இட்டனர்: லெய்டன், அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், ரொட்டர்டாம், ஹார்லெம், டெல்வ்ற். இவற்றுள் டெல்வ்ற் ஒன்றே இன்றும் பொதுவழக்கில் நிலைத்திருக்கின்றது. பெயரிடுதலே மொழியின் தொடக்கம் என்பார் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அதிகாரத்தால் இட்ட பெயர் அதிகாரத்தோடு போயிற்று. யாரும் இடாத ‘உது’ இருக்கின்றது.

சிங்களத்திலும் ‘மே’, ‘ஒய’, ‘அர’, ‘ஏ’ என நான்கு சுட்டுகள் உள. அவற்றுள் ‘ஒய’ கேட்போன் பக்கத்ததைக் குறிப்பது. வட இந்திய மொழிகளோடு உறவுடைய சிங்களத்தில் இப்பாகுபாடு நிலவுதலும், தமிழகம் கைவிட்ட உகரத்தை ஈழத்துத் தமிழ் பேணுதலும் ஒன்றோடொன்று தொடர்பற்றன என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பல நூற்றாண்டுகள் அயலிலே வாழ்ந்த இரு மொழிகள் ஒன்றையொன்று தாங்கின என்று கொள்ளுதலே பொருத்தமுடைத்து. தனித்திருந்தமையாலேயே ஈழத்தமிழ் தூய்மை காத்தது என்னும் பெருமிதத்துக்கு இது உவப்பாய் இராது.

சுட்டுகளையே மொழியின் தோற்றுவாயாகக் கொண்டவர்கள் நம்மிடையே இருந்தனர். மானிப்பாயிலே 1875 இல் பிறந்து நல்லூரிலே பணியாற்றிய சுவாமி ஞானப்பிரகாசர் இவர்களுள் முதன்மையானவர். தமிழ் வேர்கள் இடத்தையும் திசையையும் சுட்டிய சில முதலொலிகளினின்று கிளைத்தன என்பது அவர் கொள்கை. அதனை நிறுவவே 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்; 1947 இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. தமிழகத்திலே தேவநேயப் பாவாணரும் 1953 இல் வெளிவந்த ‘முதற்றாய்மொழி’யில் சுட்டொலிக்கே தலைமையிடம் தந்தார். இவ்விருவரின் உழைப்பும் மதிக்கற்பாலது. எனினும் அவர்தம் முடிபுகளை அப்படியே ஏற்றல் அரிது. எந்தச் சொல்லையும் எந்தச் சுட்டோடும் பொருத்திக்காட்டக்கூடிய முறை, பிழையென்று காட்டப்படுவதற்கும் இடம் தராது. பறோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் முதற்பதிவு அகரச் சுட்டே. ஆனால் அது அகரவரிசையால் நேர்ந்தது, தோற்றவரிசையால் அன்று. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு திராவிட மொழிக் குடும்பத்தின் பழமையை ஏறத்தாழ 4500 ஆண்டுகள் எனக் கணித்தது. மனிதன் பேசத் தொடங்கியதோ அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னர். ஒப்பியல் முறை எட்டும் எல்லைக்கும் முதற்பேச்சுக்கும் இடையே கிடக்கும் வெளியை எந்த வேர்ச்சொல்லும் நிரப்பாது. ஞானப்பிரகாசர் காலத்தின் தொடக்கத்தைத் தேடினார். அவர் கையிற் கிடைத்ததோ ஒவ்வொரு பேச்சின் தொடக்கம். அந்த அளவில் அவர் கண்டது பொய்யன்று.

தன்மைப் பெயரின் வரலாறு இதனினும் தெளிவானது. தொல்காப்பியத்திலே யான், யாம், நாம் என்பன உள, ‘நான்’ இல்லை. நன்னூல் நான்கையும் ஏற்கின்றது. ‘நாம்’ என்பது கேட்போனையும் உளப்படுத்துவது. ‘யாம்’ அவனை விலக்குவது. ‘யாம்’ என்பதற்கு ஒருமை ‘யான்’ ஆதல்போல ‘நாம்’ என்பதற்கும் ஓர் ஒருமை வேண்டப்பட, ஒப்புமையால் ‘நான்’ உருவாயிற்று என்பர் மொழிநூலாருள் ஒரு சாரார். மூலத் திராவிடத்தில் இப்பெயர்களின் முதலெழுத்து எது என்பதிலே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் ‘நான்’ பிற்பட்டது என்பதிலே ஐயமில்லை. இவ்விளக்கம் சரியாயின், இன்று நாம் எல்லோரும் நம்மைக் குறிக்க வழங்கும் சொல், கேட்போனையும் உள்ளடக்கிய பன்மையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. டேக்காட் 1641 இல் எல்லாவற்றையும் ஐயுற்று, எஞ்சிய ‘நான்’ ஒன்றைத் தனிமையிலே கண்டார். தமிழின் ‘நான்’ கூட்டத்திலிருந்து தனித்து வந்தது.

இங்கு ஒரு விந்தையும் உண்டு. தமிழகப் பேச்சிலே உளப்பாட்டுக்கு ‘நாம’, விலக்குக்கு ‘நாங்க’ என்னும் வேறுபாடு உயிரோடிருக்கின்றது, உகரம் போயிற்று. யாழ்ப்பாணப் பேச்சிலே உகரம் இருக்கின்றது. உளப்பாட்டு வேறுபாடு பெரிதும் மங்கி, இரண்டிடத்தும் ‘நாங்கள்’, ‘எங்கட’ என்பனவே வழங்குகின்றன. கேட்போனுக்கு மொழியிலே ஓர் இடம் தருதற்கு ஒரு கரை ‘நாம்’ என்பதையும், மறுகரை ‘உது’ என்பதையும் வைத்துக்கொண்டன.

‘நாம்’ என்பதன் இயல்பை விளக்கும் சிறந்த சான்று நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல். முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) சாசனமாகிய இதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையிலே வந்து கூடவேண்டும். அவர்களுக்குக் காப்பு அளிக்கப்படும். யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய சரக்குக் கொண்டுவரும் கலம் உடைந்தால் இருபாதியாகப் பகிரப்படும் என்பது அதன் செய்தி. யானை குதிரைகளின்மேல் தமக்குள்ள விருப்பையே காரணமாகக் காட்டி மன்னன் தன்மையிடத்தே பேசுகின்றான். பொலன்னறுவையில் இருந்து ஆண்ட சிங்கள மன்னன், தமிழ்த் தன்மைப் பன்மையிலே, கடல்கடந்து வரும் வேற்றுநாட்டாரை நோக்கிப் பேசுகின்றான். ‘நாம்’ என்பதற்கு இனமோ பிறப்போ பொருளன்று. அதனை யார் சொல்கின்றாரோ அவரே அதன் பொருள். அத்தகைய சொல்லை எழுதியவனும் எழுதுவித்தவனும் மறைந்த பின்னரும் கல் சொல்லிக்கொண்டு நிற்கின்றது.

பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ற் 1958 இல் எழுதிய கட்டுரையின் கருத்தும் இதுவே. ‘நான்’ என்பதற்கு அகராதியிலே பொருள் இல்லை. பேசும் செயலிலேயே அது பொருள் பெறும். மனிதன் தன்னை ஓர் அகமாக அமைத்துக்கொள்வது மொழியிலேயே என்றார். 1946 இலேயே அவர், படர்க்கை உண்மையில் ஓர் ‘ஆள்’ அன்று, ஆள் இன்மையே என்றும் கூறியிருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற்சூத்திரத்திலே உலகம் முழுவதையும் மூன்று படர்க்கைப் பெயர்களால் வகுத்துக் காட்டியமை ஈண்டு நோக்கற்பாலது. ஆண், பெண், அஃறிணை என்னும் அவ்வகுப்பிலே தன்மையும் இல்லை, முன்னிலையும் இல்லை. அறியப்படும் உலகிலே அறிவானுக்கு இடமில்லை. அவனை மூன்றாஞ் சூத்திரத்திலே நிறுவுகின்றார். அவர் காட்டும் ஏதுக்களுள் முதலிரண்டும் சொல்லைப் பற்றியன: ஒவ்வொன்றையும் கழித்து ‘இல்லை’ என்று சொல்லுகின்ற ஒன்று உண்டு, உடம்பை ‘என்னுடையது’ என்று சொல்லுதலின் உடம்பின் வேறாகிய உடையான் உண்டு. டேக்காட்டுக்கு நானூறு ஆண்டு முந்திய இவ்வாதம் நினைத்தலினின்று தொடங்கவில்லை, சொல்லுதலினின்று தொடங்கிற்று.

பென்வெனிஸ்றும் மெய்கண்டாரும் ஒன்றே கூறினர் என்று கொள்ளுதல் தவறாகும். சைவசித்தாந்தம் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கும். மயில் முட்டையின் நீரிலே தோகையின் நிறங்கள் வேறுபடாது அடங்கியிருத்தல் போலப் பைசந்தியிலே சொற்கள் அடங்கியிருக்கும் என்பர். தொல்காப்பியர் விலக்கிவைத்த அகத்தொலியை இவர்கள் படிமுறையாக ஆராய்ந்தனர். ஆயின் வாக்கு சுத்தமாயையின் காரியம், அறிவற்றது. உயிருக்குத் தெளிந்த அறிவைப் பயக்கும் கருவியேயன்றி உயிரைப் படைப்பதன்று. சொல்லே பிரமம் என்ற பர்த்துருஹரியோடு சித்தாந்திகள் மாறுபட்டதும் இங்கேயே. மொழி அகத்தை ஆக்குகின்றதா, விளக்குகின்றதா என்பதே இரு சாராருக்கும் இடைப்பட்ட வழக்கு. என் கருத்திற்குச் சித்தாந்திகள் பக்கம் ஒரு வலிமை உண்டு. மொழி ஒருவனுக்கு மறுத்த இடத்தையும் அவன் உள்ளத்தாற் கேட்கக்கூடும் என்பதே அது.

பென்வெனிஸ்றின் ‘நான்’–‘நீ’ இரண்டும் மாறி மாறி வருவன. நான் பேசும்போது நீயாக இருப்பவர் அடுத்த கணம் நானாகின்றார். யாழ்ப்பாணத் தமிழிலே ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என முன்னிலை மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றது. வாய் திறக்குமுன்னரே எதிரிலிருப்பவரின் வயதும் உறவும் உத்தியோகமும் எடைபோடப்பட்டு விடுகின்றன. சாதியும் எடைபோடப்பட்டது. ஒரு சாரார் வயதில் மூத்தவரையும் ‘நீ’ என்பர். மறுமொழியிலே ‘நீ’ என்று திருப்பிச் சொல்லும் உரிமை அம்மூத்தவருக்கு இல்லை. பேராசிரியர் சுசீந்திரராசா 1978 இல் வெளியிட்ட ஆய்வு, யாழ்ப்பாணச் சமுதாயத்திலே சாதியும் மொழியும் பின்னிக்கிடந்தவாற்றை ஆராய்ந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலிலும் கடையிலும் மறித்தலைக் குற்றமாக்கிற்று; ஒருமை விளியை எந்தச் சட்டத்தால் தடுப்பது? அது மெல்லத்தான் தேய்ந்தது. தேய்ந்ததும் பெரிதும் பள்ளிக்கூடத்திலும் வெளியூர் வாழ்விலும். றூசோவின் கிணற்றடியிலே விடுபட்ட வரலாறு இதுவே. திரும்பிச் சொல்லமுடியாத ‘நீ’, முன்னிலை வடிவிலே வந்த படர்க்கை.

1990 ஆம் ஆண்டை அடுத்துப் போரினாலே தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். யாழ் நகரிலும் கொழும்பிலும், பின்னர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவர்கள் வாழத் தலைப்பட்டனர். ரொறன்ரோவிலிருந்து எழுவைதீவுக்குப் பேசும் முதியவர் ‘உங்கை தண்ணி எப்பிடி?’ என்று கேட்கும்போது, கேட்பவர் நிற்கும் கிணற்றடி கடல்கள் பலவற்றைக் கடந்தும் முன்னிலையாகவே இருக்கின்றது. திரைப்படத்தினதும் தொலைக்காட்சியினதும் தமிழிலே இகரமும் அகரமும் மட்டுமே உள. அவற்றை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, அதே தொலைபேசியை வாங்கி, அதே ஊரை ‘அங்கே’ என்று கேட்கும்.